ஏகாம்பரம் வீட்டு வெள்ளைச் சுவர்

காஞ்சிபுரம் போய்வந்தவள் என்றதும் எல்லாரும் புடவையைத்தான் விரித்துக் காட்டச் சொல்கிறார்கள். காட்டுகிறேன். தொட்டுப் பார்க்கிறார்கள், சரிகையைத் திருப்பிப் பார்க்கிறார்கள், "நல்ல கனம் லா" என்கிறார்கள். அதற்குமேல் அந்த ஊரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கேட்காதவரைக்கும் எனக்கும் நிம்மதிதான். ஆனால் எங்கள் மாதர் சங்க ஆண்டு மலருக்குப் பயணக் கட்டுரை எழுதித் தருகிறேன் என்று வாய்தவறி ஒப்புக்கொண்டுவிட்டேன். கோபுரம், இட்லி, பட்டு என்று மூன்று பக்கத்தை ஒப்பேற்றிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பேனா அந்தப் பக்கம் போகமாட்டேன் என்கிறது.

நான் மலேயாவில், பேராக்கில் ஒரு ரப்பர்த் தோட்ட மருத்துவமனையில் தாதி. என் தாத்தா காஞ்சிபுரத்திலிருந்து கப்பல் ஏறியவர். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், பட்டு எடுத்தால் நம்ம ஊரில்தான் எடுப்பேன் என்று அடம்பிடித்தேன். "நீ பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கே. அது எப்படி உனக்கு நம்ம ஊர்?" என்று கணவர் கேட்டார். முறைத்தேன்.

காஞ்சிபுரத்தில் எனக்கு இருக்கிற ஒரே சொந்தம் ஏகாம்பரம். என் தாத்தாவுடைய தம்பியின் பேரன். எனக்குத் தம்பி முறை. பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை, ஊருக்குத் தெற்கே செவிலிமேட்டில் புதிதாகக் கட்டிய மாடி வீடு. ஸ்டேஷனுக்கு ஜட்கா அனுப்பியிருந்தார். என் பெட்டிகளைப் பார்த்ததும் வண்டிக்காரருக்கு முகம் தொங்கிப்போயிற்று. பிஸ்கட் டின், தைலப் புட்டி, பீங்கான் தட்டு என்று சொந்தக்காரர்களுக்காகக் கட்டிக்கொண்டு வந்த மூட்டை அது. எல்லாவற்றையும் பின்னால் ஏற்றி, நானும் பின்னாலேயே சாய்ந்து உட்கார்ந்தேன். கடைத்தெருவில் ஒரு மேட்டில் வண்டி ஏறியபோது ஏர்க்கால் வானத்தைப் பார்த்தது. குதிரையின் முன்னங்கால் இரண்டும் தரையைவிட்டுத் தூக்கிக்கொண்டன.

"முன்னாடி நகுந்து குந்துமா! குதுர அந்தரத்துல நிக்குது!"

தெருவே சிரித்தது. நான் பெட்டிமேல் தவழ்ந்து முன்னால் வந்தேன். குதிரை கீழே இறங்கி, ஒன்றுமே நடக்காத மாதிரி நடந்தது. மலேயாவில் டாக்சியில் போய்வந்த கெத்தெல்லாம் அந்த மேட்டிலேயே போயிற்று.

மறுநாள் காலையில் ஏகாம்பரத்தின் மனைவி சரோஜா கோயில் இட்லி வாங்கிவந்து வைத்தாள். மூங்கில் குடலையில் வேகவைத்து, துண்டு போட்டது. மிளகு, சீரகம், சுக்கு. முதல் வாயில் கஷாயத்தைக் கெட்டியாக்கிச் சாப்பிடுகிற மாதிரி இருந்தது. "எங்க ஊர் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, சாப்பிட்டுப் பாருங்க லா, அப்புறம் சொல்லுங்க" என்று பீற்றிக்கொண்டே இரண்டாவது துண்டைக் கேட்டு வாங்கினேன். நான் 'லா' என்று சொல்லும்போதெல்லாம் சரோஜா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வீட்டைச் சுற்றிக் காட்டினார் ஏகாம்பரம். மொசைக் தரை, இரும்பு கேட், எல்லாம் ஜோர். கிழக்குச் சுவர் மட்டும் வினோதமாக இருந்தது. இரண்டு மாடி உயரம், ஒரு ஜன்னல்கூட இல்லை. புதிதாக அடித்த சுண்ணாம்பு கண்ணைக் கூசவைத்தது.

"ஏன் தம்பி, இந்தப் பக்கம் காத்தே வேணாமா? ஒரு ஜன்னல் வெச்சிருக்கலாமே."

"அந்தப் பக்கம் பாத்தா இன்னாக்கா தெரியப் போவுது? இருளருங்க குடிசதான் இருக்குது."

சுற்றிப் போய்ப் பார்த்தேன். சுவரை ஒட்டி ஒரு பொட்டல். நான்கு குடிசைகள், ஒரு பெரிய வேப்பமரம். மரத்தடியில் ஏழு செங்கற்களை வரிசையாக நட்டு மஞ்சள் பூசியிருந்தார்கள். அதற்கப்பால் பாலாற்று மணல் வரைக்கும் முள்ளுச்செடி. "பொறம்போக்குக்கா. யாருக்கும் சொந்தமில்ல. சாயப்பட்டற போடலாம்னு எழுதிக் குடுத்திருக்கறேன். ரெவின்யூ ஆபீசர் வந்து அக்கம்பக்கத்துல விசாரிச்சிட்டுப் போவாரு. தெருவுல எல்லாம் நம்ம ஆளுங்கதான்" என்றார் ஏகாம்பரம். அவர் பேச்சில் கெட்ட எண்ணம் ஒன்றும் தெரியவில்லை. காலி இடத்தைப் பற்றிப் பேசுகிற மாதிரிதான் பேசினார்.

அந்தக் குடிசைக்காரி பச்சையம்மாளை அன்றைக்கே பார்த்தேன். பட்டு நூல் அடுக்கி வைக்கிற அறையில் எலி புகுந்துவிட்டது என்று சரோஜா கூப்பிட்டு அனுப்பியிருந்தாள். என் வயதுதான் இருக்கும். கையில் ஒரு கடப்பாரை. கொல்லைப்புறத்தில் வளையைத் தோண்டி, கையை விட்டு, எலியை வாலைப் பிடித்து இழுத்து எடுத்தபோது நான் பத்தடி தள்ளி நின்று "ஐயோ" என்றேன். சரோஜா அவளுக்கு உயரத்திலிருந்து கையில் தண்ணீர் ஊற்றினாள். செம்பு படக்கூடாதாம். எங்கள் ஆஸ்பத்திரியில் இதெல்லாம் கிடையாது என்று எனக்குள் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

பச்சையம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "கடலத் தாண்டி வந்தியாமேம்மா. அங்க எங்க ஜனம் இருக்குதா?"

"இருளர் இல்லம்மா. ஆனா உங்கள மாதிரி காட்டு ஜனம் இருக்காங்க. ரொம்பப் பழைய ஆளுங்க."

"அவங்கள எடத்த வுட்டு எழுப்பாம வெச்சிருக்காங்களா?"

வெயில் ஜாஸ்தி என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

பட்டு எடுக்கக் கடைக்குப் போனால், சும்மா எடுத்துவிட முடியுமா? மலேயாக்காரி என்று தெரிய வேண்டாமா? முந்தானையில் செம்பருத்திப்பூ வேண்டும் என்றேன். எங்கள் நாட்டுப் பூ அல்லவா. ஏகாம்பரம் தன் கடைக்கு டிசைன் போடுகிறவரைக் கூப்பிட்டார். பெயர் நடேசன். கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்துப் பூவும் அன்னமும் போட்டுத் தருகிறவர். தறிக்காரர் அதைப் பார்த்துத்தான் நெய்வார். முப்பத்தைந்து வயதிருக்கும், வாயெல்லாம் வெற்றிலை, மூக்கின் நுனியில் கோபம்.

"செம்பருத்தியா? பொண்ணு தாலி கட்டிக்கப் போறாப்பல இருக்காதுக்கா. தலைக்குத் தேச்சிக் குளிக்கப் போறாப்பல இருக்கும்."

"உங்களுக்குப் போட வராதுன்னா வராதுன்னு சொல்லுங்க லா" என்றேன்.

கடையே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டுத் தாளை எடுத்தார். அப்படித்தான் பழக்கமானோம். புள்ளி வைத்துக்கொண்டே என் ஊரைப் பற்றிக் கேட்டார். வெறும் காடாக இருந்ததை நம் ஜனங்கள் வெட்டித் தோட்டமாக்கிய கதையை நீட்டி முழக்கிச் சொன்னேன். "காட்டுல யாரு இருந்தாங்க?" என்றார். யாருமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பச்சையம்மாள் கேட்டது ஞாபகம் வந்தது.

எங்கள் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் பெரிய பெரிய டுரியான் மரங்கள் உண்டு. தோட்டம் வருவதற்கு முன்னாலேயே அந்த மண்ணின் பூர்வகுடிகளான ஓராங் அஸ்லி ஜனங்கள் வைத்து வளர்த்தவை என்று பழைய கங்காணி சொல்வார். பழக் காலத்தில் அவர்கள் மலையிலிருந்து இறங்கிவந்து கம்பி வேலிக்கு வெளியே நிற்பார்கள். காவல்காரன் விரட்டுவான். நாங்கள் உள்ளே பழத்தைப் பிளந்து, கொட்டையைத் துப்பித் துப்பிச் சாப்பிடுவோம். இதை நடேசனிடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. அவர் தாளை மடித்து வைத்துவிட்டு, "வூட்டுக்கு வாங்க, ஒண்ணு காட்டறேன்" என்றார்.

அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. சினிமாக் கொட்டாயில் இடைவேளையில் கண்ணாடி ஸ்லைடில் விளம்பரம் காட்டுவார்களே, அந்தக் கண்ணாடிகளில் எழுதுகிறவர். அவர் வீட்டு ஜன்னல் படியில் உள்ளங்கையளவுக் கண்ணாடிகள் காய்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஒன்றில் வேப்பமரமும் ஏழு கல்லும். கல்லுக்குப் பின்னால் மஞ்சள் முகத்தோடு ஏழு பெண்கள். அது இருளர்கள் கும்பிடும் கன்னியம்மா. இன்னொன்றில் ஆறு, பனைமரம், எட்டு குடிசை. தெருவும் இல்லை, மாடி வீடும் இல்லை. அடுத்ததில் சங்கிலி பிடித்து நிலம் அளக்கிறார்கள். அடுத்ததில் நான்கு குடிசைக்குமேல் ஒரு வெள்ளைச் சுவர் எழும்பி நிற்கிறது. குடிசைக்காரர்கள் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு மிச்சமிருக்கிற நான்கு குடிசைப் பக்கம் நடக்கிறார்கள்.

"அந்தச் செவுத்துக்கு அடியில எது இருந்துச்சோ, அத அந்தச் செவுத்து மேலயே காட்டப் போறேன். கொட்டாய மராமத்துக்கு மூடியிருக்காங்க, ஸ்லைடு மிஷின் சும்மாதான் கீது. ஆபீசர் வர்றதுக்கு முந்தி தெரு ஜனம் பாக்கணும். வெச்ச கண்ணு வாங்காம பாக்கணும். அப்புறம் விசாரணையில எவனாவது ஒருத்தன் 'ஆமா சார், எங்களுக்கு முன்னாடியே இவங்க இருந்தாங்க'ன்னு வாயத் தொறந்து சொல்லுவான் இல்ல? ஒருத்தன் சொன்னா போதும்."

"கன்னியம்மா படம் எதுக்கு?"

"இன்னாக்கா கேக்கறீங்க? கொட்டாயில சாமி ஸ்லைடு போடாம ஆட்டத்த ஆரம்பிச்சா ஜனம் ஒத்துக்குமா? பச்சையம்மாவும் அதத்தான் சொல்லுச்சு. மொதல்ல அவ, அப்புறம் மத்ததெல்லாம்."

ஏகாம்பரத்தின் சம்பளத்தில் சாப்பிடுகிற மனிதர் ஏகாம்பரத்தின் சுவரிலேயே இதைச் செய்யப் போகிறார். வேலை போகாதா என்று கேட்டேன். போனால் போகட்டும் என்று வெற்றிலையைத் துப்பினார். அந்த நிமிஷம் எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. கட்டாயம் வந்து நிற்கிறேன் என்றேன். ஏகாம்பரத்திடம் ஒரு வார்த்தையும் மூச்சு விடவில்லை. அவ்வளவு தூரம் நான் நல்லவளாகத்தான் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்து விளக்கு வைக்கிற நேரம். ஆபீசிலிருந்து திரும்பியவர்கள் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். எதிர் டீக்கடையிலிருந்து ஒயர் இழுத்து, ஒரு முக்காலிமேல் மிஷினை வைத்திருந்தார் நடேசன். பச்சையம்மாளும் அவள் ஜனங்களும் வேப்பமரத்தடியில் குளித்து முழுகி நின்றார்கள். நான் சரோஜாவையும் கூட்டிக்கொண்டு பொட்டல் ஓரமாகப் போய் நின்றேன்.

ஸ்விட்சைப் போட்டார்.

நான் உள்ளங்கையில் வைத்துப் பார்த்த கண்ணாடிதான். தெரியும். ஆனால் அது இரண்டு மாடி உயரத்துக்கு எழுந்து நின்றபோது எனக்கு எல்லாம் மறந்துபோயிற்று. ஏழு முகம். ஒவ்வொரு கண்ணும் ஒரு கதவளவு. மஞ்சளும் குங்குமமும் சுவரிலிருந்து வழிந்து எங்கள் புடவையெல்லாம் பட்டது. பக்கத்தில் நிற்கிற நிஜ வேப்பமரத்தின் நிழல், படத்து வேப்பமரத்தோடு சேர்ந்து அசைந்தது. "அம்மா! தாயே!" என்று உரக்கக் கத்திவிட்டேன். கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அதோடு விட்டேனா? சரோஜாவைப் பார்த்து, "சூடம் எடுத்துட்டு வா லா, சீக்கிரம்!" என்றேன்.

என் குரலுக்குத்தான் தெரு திரும்பியது. அதுவரைக்கும் சும்மா வேடிக்கை பார்த்தவர்கள் செருப்பைக் கழற்றினார்கள். பஸ்ஸில் வந்தவர்கள் பையைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார்கள். சரோஜா சூடத் தட்டோடு ஓடிவந்தாள். யாரோ தேங்காய் உடைத்தார்கள். ஏகாம்பரம் "எவன்டா என் செவுத்துல" என்று கத்திக்கொண்டே கேட்டைத் திறந்து வந்தவர், ஏறிட்டுப் பார்த்துவிட்டுத் துண்டை இடுப்பில் கட்டினார்.

நடேசன் அவசரமாக அடுத்த ஸ்லைடைத் தள்ளினார். எட்டு குடிசையும் பனைமரமும் சுவரில் வந்தன. ஒரு மூச்சு நேரம்தான்.

"சாமிய எடுக்காதடா!" "வெள்ளிக்கெழம அதுவுமா அம்மாவ அனுப்பிட்டுக் குடிசயப் போடறான் பாரு!" "போடுடா சாமிய!"

ஒருவர் ஒயரைப் பிடுங்கப் போனார். இன்னொருவர் நடேசனின் சட்டையைப் பிடித்தார். பழையபடி கன்னியம்மாவைப் போட வேண்டியதாயிற்று. மறுபடி ஒரு தடவை மாற்றப் பார்த்தார். மறுபடி கூச்சல். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். என்னைப் பார்த்துவிட்டார்.

"அக்கா! நீங்க கண்ணாடிய பாத்தீங்களே! இன்னும் படம் கீதுன்னு சொல்லுங்கக்கா! நீங்க சொன்னா கேப்பாங்க!"

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. "கடல் தாண்டி வந்த பொண்ணுக்குத்தான் அம்மா மொதல்ல காட்சி குடுத்தா" என்று ஒரு கிழவர் சொன்னார். ஒரு பெண் ஓடிவந்து என் தலையில் பூ வைத்தாள். இன்னொருத்தி என் காலைத் தொட்டாள். மகளுக்குக் கல்யாணம் கூடியிருக்கிற சமயத்தில் இப்படி ஒரு நல்ல சகுனம் என்று ஒரு பக்கம் மனசு குளிர்ந்தது. இன்னொரு பக்கம், எல்லாரும் என்னை அப்படிப் பார்ப்பது, ஐயோ, பிடித்திருந்தது. உள்ளதைச் சொல்கிறேன். ரொம்பப் பிடித்திருந்தது.

"அம்மாவே இருக்கட்டும் தம்பி. எடுக்காதீங்க" என்றேன்.

நடேசன் மிஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். சூடான பல்புக்கு முன்னால் ஒரே கண்ணாடியை எவ்வளவு நேரம்தான் வைக்க முடியும்? சாயம் இளகிக் குமிழ் விட்டது. ஏழு முகத்திலும் துளித்துளியாகப் பூத்தது. "அம்மாவுக்கு வேர்க்குது! அம்மாவுக்கு வேர்க்குது!" என்று ஜனம் அலறியது. இரண்டு பெண்களுக்குச் சாமி வந்தது. கடைசியில் முகம் எல்லாம் ஒன்றாக வழிந்து வெறும் மஞ்சளாகி, பல்பும் போய், சுவர் இருட்டானபோது எல்லாரும் திருப்தியாக விபூதி பூசிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

பச்சையம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணெல்லாம் தண்ணீர். "பாத்தியாம்மா, எல்லாரும் எங்க சாமியக் கும்பிட்டாங்க! பெரியவங்கல்லாம் செருப்பக் கயட்டிட்டுக் கும்பிட்டாங்க! இனிமே எங்கள எழுப்ப மாட்டாங்க இல்ல?"

"மாட்டாங்க" என்றேன். நானும் அப்போது அதை நம்பினேன் என்று எழுதிவிடலாம். நம்பினேனா என்று எனக்கே தெரியவில்லை.

காலையில் ஏகாம்பரம் குளித்துப் பட்டை போட்டுக்கொண்டு வந்து, சாயப்பட்டறையைக் கைவிட்டதாகச் சொன்னார். எனக்கு மனசு ஒரு நிமிஷம் துள்ளியது. "அம்மா என் செவுத்துல வந்து நின்னுட்டா. அவ எடத்துல பட்டற போட்டா நான் வெளங்குவேனா? கோயில் கட்டறோம்க்கா. தெரு மொத்தமும் ஒத்துக்கினாங்க. உங்க கையாலதான் மொதல் கல்லு."

"குடிசைக்காரங்க?"

"கோயில் எடத்துல எலி சுட்டுத் தின்னுக்கினு இருக்க முடியுமா? ஆத்து மணல்ல எடம் காட்டியாச்சு. நாலு கீத்தும் நானே குடுத்தேன்."

அன்றைக்கே திருப்புட்குழிப் பெருமாளைப் பார்த்துவிட்டு வரலாம் என்று சரோஜா என்னைக் கிளப்பினாள். போன பஸ் பாதி வழியில் டயர் வெடித்து நின்றது. எல்லாரும் புளியமர நிழலில் உட்கார்ந்தோம். எனக்குப் பின்னால் இரண்டு தெலுங்குக்காரப் பெண்கள் பேசிக்கொண்டார்கள். எங்கள் தோட்டத்தில் தெலுங்குக் குடும்பங்கள் உண்டு, அதனால் எனக்குப் புரியும். "செவிலிமேட்டில் ஒரு வீட்டுச் சுவரைப் பிளந்துகொண்டு அம்மன் வந்தாளாம்" என்றாள் ஒருத்தி. "வெளிநாட்டுக்காரி ஒருத்தியோடு அவள் பாஷையிலேயே பேசினாளாம். 'எனக்கு இங்கே கோயில் கட்டு' என்றாளாம். அந்தப் பெண் மூர்ச்சையாகிவிட்டாளாம், பாவம்" என்றாள் மற்றவள். "ஏதோ இருளர் குடிசைப் பக்கமாமே?" "அவர்களுக்கு என்ன, அவர்கள் எங்கேயாவது இருந்துகொள்வார்கள்." நான் திரும்பிப் பார்க்கவில்லை. பெருமாள் கோயிலில் என்ன பார்த்தேன் என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது.

ரெவின்யூ ஆபீசர் வந்தார். வேப்பமரத்தடியில் பந்தல் போட்டு, சுற்றி மூங்கில் வேலி கட்டி, மைக்கில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் விசாரணையை ஆரம்பித்தார். இங்கே முன்னால் யார் இருந்தார்கள் என்று கேட்டார். "அம்மாதான் சார் இருந்தா" என்றார்கள் தெருக்காரர்கள். பிரசாதம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். கேள்வி கேட்கும்போது நான் பந்தலில்தான் இருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை; நானாகவும் சொல்லவில்லை. ஒருவன் வாயைத் திறந்தால் போதும் என்று நடேசன் சொல்லியிருந்தார். அந்த ஒருவர் நானாக இருந்திருக்கலாம்.

அவரைத் தேடி வீட்டுக்குப் போனேன். டிசைன் வேலை போகவில்லை. அதுதான் கொடுமை. சாமியைக் காட்டிய கை என்று ஏகாம்பரம் அவருக்குச் சால்வை போர்த்தியிருந்தார். கோயிலுக்குப் பெரிய படம் ஒன்று எழுதித் தரச் சொல்லியிருந்தார். மற்ற ஸ்லைடுகள் ஜன்னல் படியிலேயே இருந்தன.

"உங்களத் திட்டலாம்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார். "நான்தானே சாமிய மொதல்ல போட்டேன். குடிசய மொதல்ல போட்டிருந்தா?"

குடிசையை முதலில் போட்டிருந்தால் ஜனம் நின்று பார்த்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. நான் நின்று பார்த்திருப்பேனா என்றும் தெரியாது. அவர் செம்பருத்தி டிசைனைக் கொடுத்தார். அழகாகப் போட்டிருந்தார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் புறப்படுகிற வாரம் மறுபடி வெள்ளிக்கிழமை வந்தது. குடிசை இருந்த இடத்தில் மண்ணை மேவி மட்டம் பண்ணியிருந்தார்கள். மரத்தடியில் மேடை கட்டி முடித்துச் சிமெண்டு பூசி, அதன்மேல் நடேசன் எழுதிய படத்தைக் கண்ணாடி போட்டு வைத்திருந்தார்கள். நான் பூக்கூடையோடு உள்ளே நின்றேன். வேலிக்கு வெளியே ஏதோ பேச்சு. திரும்பினேன். பச்சையம்மாள். குளித்துவிட்டு ஈரத்தலையோடு, இலையில் அரைத்த மஞ்சள் உருண்டையை ஏந்திக்கொண்டு நின்றாள். ஆற்று மணலிலிருந்து நடந்து வந்திருக்கிறாள்.

"அங்கயே நில்லும்மா. உள்ள வரக்கூடாதுன்னு சொன்னேன் இல்ல?" என்றார் வேலியருகே உட்கார்ந்திருந்த தெருக்காரர். அதட்டவில்லை, தன்மையாகத்தான் சொன்னார்.

"நான் வரல சாமி. மஞ்சள மட்டும் குடுத்துட்டுப் போறேன். வெள்ளிக்கெழம பூசாம இருந்ததில்ல." என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. "மலேயாம்மா! நீ பூசுடியம்மா. ஏழுக்கும் பூசணும். கடைசீல இருக்கறவ சின்னவ. அவளுக்கு மொதல்ல பூசிடு, இல்லாட்டி கோச்சிக்குவா."

வேலிக்குமேல் கை நீட்டி வாங்கிக்கொண்டேன். மேடையைச் சுற்றி வந்தேன். ஒரு தடவை வந்து, மறுபடியும் சுற்றினேன். செங்கற்களைக் காணோம். பக்கத்தில் கரணையைக் கழுவிக்கொண்டிருந்த கொத்தனாரிடம் மெதுவாகக் கேட்டேன்.

"இங்க நட்டு வெச்சிருந்துச்சே, அந்தக் கல்லுங்களா? நல்லா சுட்ட கல்லு அம்மா. மேடைக்கு ஏழெட்டு கல்லு கொறஞ்சுது. அடியில வெச்சிக் கட்டிட்டேன்."

படத்துக்கு மஞ்சள் பூச முடியாது, கண்ணாடி. நான் அந்த உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு மேடைக்குப் பின்னால், அவளுக்குத் தெரியாத பக்கமாகக் குனிந்து நின்றேன். பூசுவதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் அப்படியே குனிந்து நின்றேன்.

"பூசிட்டியாம்மா?" வெளியிலிருந்து அவள் குரல்.

"பூசிட்டேன்."

"சின்னவளுக்குத்தானே மொதல்ல?"

"ஆமாம்மா. அவளுக்குத்தான் முதல்ல" என்றேன்.